ஹெராத்துப் பெண்கள் – 4: வைப்பர் மோட்டாரின் மகிமை

அமெரிக்க வீசா இருமுறை மறுக்கப்பட்டதையும், கடைசி நேரத்தில் கதவு திறந்ததையும், 2017 ஜூலையில் வாஷிங்டன் ரோபோ போட்டியிலிருந்து அந்த ஆறு பெண்கள் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியதையும் சென்ற வாரமே சொல்லியாயிற்று. நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்வார்களாக.

காபூல் வீழ்ந்தபின் அந்தக் குழு தேசாந்தரம் போன விருத்தாந்தத்தை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்காகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது கண்ணில் பட்ட 2020-ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்று, வாரம் முழுவதும் வேறெதையும் சிந்திக்கவிடாமல் என்னைப் பிடித்துக்கொண்டது. அது ஒரு மோட்டார். பழைய டொயோட்டா கொரோலா காரின் முகப்புக் கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கிற வைப்பரை ஆட்டுவிக்கும் மோட்டார்.

2020 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானத்தின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது ஹெராத்தில்தான். எல்லைக்கு அப்பால் ஈரானில் நோய் தாண்டவமாட, அங்கே பிழைக்கப் போயிருந்த ஆப்கானியர் ஆயிரக்கணக்கில் இவ்வழியாகவே ஊர் திரும்பினார்கள். ஏறக்குறைய நாலு கோடி ஜனங்கள் வாழும் அந்தத் தேசத்தில் அன்று இருந்த வென்டிலேட்டர்களோ சில நூறு. வெளியிலிருந்து தருவிக்கலாமென்றால், செல்வம் கொழிக்கும் ராஜ்யங்களே அந்த யந்திரத்துக்காக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த சமயம். உள்ளூரில் யாராவது கைகொடுக்க முடியுமா என்று மாகாண ஆளுநர் கேட்க, இன்னும் பள்ளிப் பருவம் தாண்டாத நம் ரோபோ குழுப் பெண்கள் முயன்று பார்க்கிறோம் என்றார்கள்.

அவர்களுக்கு ஆதாரமாக அமைந்தது, எம்.ஐ.டி. கலாசாலையார் உலகத்தார் யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டிருந்த ஒரு வரைபடம். ஆம்புலன்ஸில் மூச்சுத் திணறுகிறவரின் முகத்தில் மூடியைப் பொருத்தி, கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்துகிறார்களே, அந்த ஆம்பு பையை மனிதக் கைக்குப் பதிலாக ஒரு யந்திரம் அமுக்க வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான்.

இவ்விடத்தில் கோபன்ஹேகன் வரை ஒரு நடை போய்வராமல் என்னால் மேலே செல்ல இயலாது. 1952-இல் இளம்பிள்ளை வாதம் அந்நகரைச் சூறையாடியபோது, சுவாசத் தசைகள் செயலற்றுப்போன நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையை அமுக்கிச் சுவாசம் ஊட்டலாம் என்று பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர் சொன்ன யோசனைப்படி, சுமார் 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் தலைமாட்டில் அமர்ந்து பையை அமுக்க, நூற்றுக்கு எண்பதைத் தாண்டியிருந்த மரண விகிதம் நாலில் ஒன்றாக இறங்கிற்று. அமுக்கி விட்டதும் தானே விரிந்துகொள்ளும் ஆம்பு பை 1956-இல் பிறந்ததும் அதே டென்மார்க்கில்தான். அந்த மாணவர்களின் கைகள் ஆற்றிய கைங்கரியத்தைத்தான் ஹெராத்துப் பெண்கள் ஒரு கொரோலா மோட்டாரின் தலையில் கட்டினார்கள்.

ஏன் வைப்பர் மோட்டார் என்றால், வார்ம் கியர் உள்ளடங்கிய அது மெதுவாகச் சுழன்றாலும் வலுவாகச் சுழல்வது. மழையோடு மழையாக மணிக்கணக்கில் ஓடவென்றே படைக்கப்பட்டது. 12 வோல்ட் பாட்டரியே போதுமாகையால் மின்சாரம் நின்றாலும் நில்லாதது. யாவற்றுக்கும் மேலாக, பழைய கொரோலாக்கள் மலிந்த அந்த நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது. கூடவே ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிளின் செயினும் சேர்ந்துகொண்டது.

இதை அற்புதம் என்று வர்ணித்தவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. குழுத் தலைவி சோமையா ஃபாரூக்கியின் தகப்பனார் கார் மெக்கானிக். அவருடைய பட்டறையில் ஸ்பேனரும் திருப்புளியும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு வைப்பர் மோட்டார் தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்? ஊரடங்கு நாட்களில் அவரே தம் காரில் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு, போலீஸ் சாவடிகளுக்கு அகப்படாமல் சந்து பொந்துகளில் புகுந்து பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஹெராத் மசூதியில் நடந்த தாக்குதலில் குழுவின் இன்னொரு பெண் தன் தகப்பனாரைப் பறிகொடுத்தவள் என்பதை அறிந்தவர்கள், அந்தக் குழு கலைந்துவிடாமல் நின்றதற்குப் பதக்கத்தைவிட இந்தக் காரே பெரிய காரணம் என்று நான் சொல்வதை மறுக்கமாட்டார்கள்.

ஜூலையில் யந்திரம் தயாராயிற்று. சந்தையில் 20,000 டாலர் விலைபோகும் சாதனத்துக்கு எதிரே, ஏறத்தாழ 700 டாலர் செலவில், கையில் தூக்கிச் செல்லத்தக்கதாய், பாட்டரியில் 10 மணி நேரம் ஓடுவதாய் அது அமைந்தது. ஆஸ்பத்திரியின் முழு வென்டிலேட்டருக்கு இது நிகராகாது. அது கிடைக்காத இடத்தில், கிடைக்கும் வரையில், உயிரைப் பிடித்து நிறுத்த முயலும் அவசர உபகரணம் என்றுதான் கொள்ள வேண்டும்.

மோட்டாரே இத்தனை பக்கங்களையும் விழுங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில் குழுவில் சிலர் தோஹாவுக்கும் சிலர் மெக்ஸிகோவுக்குமாகப் பிரிந்து, எஞ்சியோர் நாட்டிலேயே நின்றுபோன வரலாறு அடுத்த வாரம் நிச்சயம் வரும். அதற்குள், வாசகர்களில் பட்டறை வைத்திருப்பவர் யாரேனும் வைப்பர் மோட்டாரைக் கொண்டு வேறேதும் செய்து பார்த்திருந்தால், விவரமாக எழுதி அனுப்பக் கோருகிறேன்.