நியூயார்க்கில் பொங்கிய மாவு: ஃபீனியன் இயக்கம் எப்படி இயங்கியது?

இட்லிக்கு அரைப்பவர்களுக்குத் தெரியும். அரிசியும் உளுந்தும் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், கதகதப்பும், மேலே காலி இடம் விட்ட பாத்திரமும் இல்லாமல் மாவு பொங்காது. பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்டவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் அந்தக் காலி இடம்தான் இல்லை. பிரிட்டிஷ் உளவாளிகளும் சிறைகளும் மூடியை அழுத்திப் பிடித்திருந்தன. பெரிய பாத்திரம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் கிடைத்தது.

அரிசி, 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் துரத்திவிட்ட ஜனங்கள். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், பெண்கள் பணக்கார வீடுகளில் சமைத்துப் போட்டார்கள். உளுந்து கொஞ்சம்தான்: பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சியில் தோற்றுத் தப்பி வந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஓமாஹனி 1858இல் நியூயார்க்கில் ஃபீனியன் சகோதரத்துவத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டப்ளினில் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் ரகசியச் சங்கம் ஒன்றை அமைத்தார். சண்டை அங்கே, பணமும் ஆளும் இங்கிருந்து என்று ஏற்பாடு.

கதகதப்பைத் தந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். அயர்லாந்தில் பிறந்த ஏறக்குறைய 1,50,000 பேர் வடக்குப் படையில் இருந்தார்கள். 1865இல் போர் முடிந்தபோது, துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகள் ஏராளம். உபரி ஆயுதங்களும் விலைக்குக் கிடைத்தன.

பணம் திரட்டிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்னும் பிறக்காத அயர்லாந்துக் குடியரசின் பெயரில் கடன் பத்திரம் அச்சடித்தார்கள். பத்து டாலருக்கும் கிடைக்கும். ஓமாஹனியின் கையெழுத்து, ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. அசல் எப்போது? அயர்லாந்தின் விடுதலை அங்கீகரிக்கப்பட்ட ஆறு மாதம் கழித்து! எந்தச் சீட்டுக் கம்பெனிக்கும் வராத துணிச்சல். வாங்கியவர்களோ ஏமாளிகள் இல்லை. வட்டிக்காகவா வாங்கினார்கள்?

கூடவே பாத்திரத்துக்குள் சண்டையும் மூண்டது. அயர்லாந்துக்கே படை அனுப்பு என்றது ஓமாஹனி கோஷ்டி. பக்கத்திலேயே இருக்கும் பிரிட்டிஷ் கனடாவைப் பிடித்துப் பேரம் பேசலாம் என்றது வில்லியம் ராபர்ட்ஸ் கோஷ்டி. மாவு கனடா பக்கம் வழிந்தது.

1866 ஜூன் 1 அதிகாலை, ஜான் ஓநீல் தலைமையில் சுமார் 800 பேர் பஃபலோ அருகே நயாகரா ஆற்றைக் கடந்தார்கள். மறுநாள் ரிட்ஜ்வேயில் டொராண்டோ, ஹாமில்டன் தொண்டர் படைகளைத் தோற்கடித்தார்கள். குதிரைப் படை வருகிறது என்று யாரோ கத்த, கனடாக்காரர்கள் குழம்பியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஜெயித்தவர்களுக்குப் பின்னால் துணைப் படை வரவில்லை. பாத்திரம் அமெரிக்க அரசுடையது. உள்நாட்டுப் போரில் பிரிட்டன் மீது வந்த கோபத்தில் அதுவரை கண்டும் காணாமல் இருந்த அரசு, இப்போது ஆற்றை அடைத்தது. திரும்பி வந்தவர்களை 'மிச்சிகன்' போர்க்கப்பல் மடக்கிப் பிடித்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நடுநிலைமைப் பிரகடனம் வெளியிட்டார். எஞ்சியவர்கள் வீடு திரும்ப ரயில் கட்டணத்தையும் அரசே கொடுத்தது.

1867 மார்ச்சில் அயர்லாந்தில் நடந்த எழுச்சியும் சில நாட்களில் அடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்கள் சேர்ந்து கனடா என்ற ஒரே நாடாயின. அந்த இணைப்பை விரைவுபடுத்திய காரணங்களில் ஒன்று, ஃபீனியன்கள் மறுபடி வருவார்கள் என்ற பயம்.