யாருக்குத் தெளிவு? உறுதி சொல்லும் ஆங்கிலப் பெயரடைகளை முன்வைத்து

ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ‘ஆப்வியஸ்’ என்கிற பெயரடையில் இடறி நின்றேன். ‘என்பது வெளிப்படை’ என்று எழுதியாயிற்று. பிழையில்லை. ஆனால் வாய்விட்டு வாசித்தால் உறுத்துகிறது. பேச்சில் நாம் அப்படியா சொல்கிறோம்? ‘எனக்கு நல்லாத் தெரியுது’, ‘உனக்கே தெரியுமே’ என்கிறோம். தெரிவதென்றால் யாருக்கோ தெரிய வேண்டும். நான்காம் வேற்றுமை அந்த ஆளைக் கையோடு கூட்டி வந்துவிடும். ஆங்கிலத்திலும் அந்த ஆளைச் சேர்க்கலாம்தான். சேர்க்காவிட்டாலும் வாக்கியம் குறையின்றி நிற்கிறது. இந்தக் காணாமல்போன ‘யாருக்கு’ பற்றியதே இக்குறிப்பு.

‘ஷுவர்’, ‘ஸெர்ட்டன்’, ‘ஆப்வியஸ்’ மூன்றும் அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள். இலக்கணத்தில் அப்படியல்ல. ‘இன்னார் பொய் சொல்கிறார் என்பதில் நான் ஷுவர்’ எனலாம். ‘இன்னார் பொய் சொல்கிறார் என்பது ஷுவர்’ என்கிற அமைப்பை ஆங்கிலம் பொதுவாக ஏற்பதில்லை. ‘ஆப்வியஸ்’ நேர் எதிர். செய்தி ஆப்வியஸாக இருக்கலாம். அதை நம்புகிற ஆள் அப்படி இருக்க முடியாது. ‘ஸெர்ட்டன்’ இரண்டு பக்கமும் போகும்: நானும் ஸெர்ட்டன், செய்தியும் ஸெர்ட்டன். ஆக, ஒரு முனையில் நம்புகிற மனம், மறுமுனையில் தானே நிற்கிற உலகம். நம்பிக்கை ஒன்றை முதல் முனையிலிருந்து இரண்டாம் முனைக்கு நகர்த்தும் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடிக்கின்றன இச்சொற்கள். கருத்தியல் இயங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

சொற்களின் பூர்வீகம் இதற்குச் சாட்சி. ‘ஆப்வியஸ்’ லத்தீனில் வழியில் எதிர்ப்படுவது. ‘எவிடென்ட்’ பார்த்தலிலிருந்து பிறந்தது. ‘ஸெர்ட்டன்’ சலித்துப் பிரித்தலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. நடந்தவர், பார்த்தவர், சலித்தவர் எல்லோரும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள். இப்போது சல்லடையும் இல்லை, சலித்த கையும் இல்லை.

1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்வோம். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்கிற உண்மையை ஜெஃபர்சன் தம் வரைவில் ‘புனிதமானது, மறுக்கவியலாதது’ என்றுதான் எழுதியிருந்தார். திருத்தத்தில் அது ‘ஸெல்ஃப்-எவிடென்ட்’ ஆயிற்று. தன்னைத் தானே காட்டிக்கொள்வது. புனிதம் என்றால் கடவுள் வேண்டும். மறுக்கவியலாதது என்றால் மறுத்துப் பார்க்க ஓர் ஆளாவது வேண்டும். ‘ஸெல்ஃப்-எவிடென்ட்’டுக்கு யாருமே வேண்டாம். எழுதியவர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் என்பதை அச்சொல் வெளியே விடவில்லை.

இதற்கு இரண்டு எதிர்வினைகள் வந்தன. 1848இல் ஸெனகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் அதே வாக்கியத்தை எடுத்து, பெயரடையை அப்படியே வைத்துக்கொண்டு, ‘பெண்களும்’ என்று நுழைத்தார்கள். 1852இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் ராச்செஸ்டர் நகர மேடையில் நின்று, உங்கள் ஜூலை நான்கு அடிமைக்கு என்ன என்று கேட்டார். ஒன்று சொல்லைக் கைப்பற்றுவது. மற்றது விழுங்கப்பட்ட ‘யாருக்கு’வை வெளியே இழுத்துப் போடுவது. இரண்டுமே அரசியல்.

அதிகாரத்துக்கு உள்ளேயும் இந்தச் சிக்கல் தெரிந்தேயிருந்தது. 1951இல் யுகோஸ்லாவியா தாக்கப்படுவதை ஸி.ஐ.ஏ.யின் மதிப்பீடு ஒன்று ‘ஸீரியஸ் பாஸிபிலிட்டி’ என்றது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம், அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். 65க்கு 35 என்றார். பிறகு சக உறுப்பினர்களை விசாரித்தால் 20க்கு 80 முதல் 80க்கு 20 வரை ஆளுக்கொரு கணக்கு! எல்லோரும் ஒப்புக்கொண்ட சொல் ஒன்றுதான். 1964இல் எழுதிய கட்டுரையில் அவர் சொற்களுக்கு எண் கட்டிவிடப் பார்த்தார். ‘ஏறத்தாழ ஸெர்ட்டன்’ என்றால் நூற்றுக்கு 93, ஆறு கூடலாம் குறையலாம். இப்படி எண் கேட்பவர்களைக் கணிதர்கள் என்றும், மறுத்தவர்களைக் கவிகள் என்றும் வேடிக்கையாகப் பிரித்தார். பழி கவிகள் மேல் விழுந்தது. நடந்த சேதமோ வேறு இடத்தில்.

2002 அக்டோபரில் இராக்கின் ஆயுதங்கள் பற்றி அமெரிக்க உளவு அமைப்புகள் ரகசிய மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தன. அதே மாதம் பொதுமக்களுக்கென்று ஒரு வெள்ளையறிக்கையும் வந்தது. இரண்டையும் ஒப்பிட்ட செனட் உளவுக் குழுவின் 2004ஆம் ஆண்டு அறிக்கை ஒரு விஷயத்தைக் காட்டியது. ரகசியப் பிரதியில் ‘நாங்கள் கருதுகிறோம்’, ‘நாங்கள் மதிப்பிடுகிறோம்’ என்றிருந்தவை பொதுப் பிரதியில் நீக்கப்பட்டிருந்தன. பெரிய பொய் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ‘நாங்கள்’ போனதும் ஊகம் உலகத்தின் இயல்பாகிவிட்டது. 2003 மார்ச்சில் படையெடுப்பு நடந்தது. சொல்லப்பட்ட ஆயுதக் குவியல்கள் இல்லையென்று 2004இல் அமெரிக்காவின் சொந்தத் தேடுதல் குழுவே அறிவித்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான்.

அப்படியானால் எதுவுமே நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? நம்மில் சிலர் அதைக் கோட்பாடாகவே வைத்திருக்கிறோம். 1969இல் அமெரிக்க சிகரெட் கம்பெனி ஒன்றின் உட்குறிப்பு, சந்தேகமே எங்கள் சரக்கு என்று எழுதிவைத்தது. புகைக்கும் புற்றுநோய்க்குமான தொடர்பை மங்கலாக்க அவர்களுக்கு நிச்சயமின்மை தேவைப்பட்டது. எனவே பிரச்சினை நிச்சயத்தில் இல்லை. சலித்த கையை மறைப்பதில் இருக்கிறது.

இப்போது நம் பக்கங்களுக்கு வருவோம். ‘என்பது வெள்ளிடைமலை’, ‘ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது’, ‘சொல்லத் தேவையில்லை’. என் பழைய கட்டுரைகளைப் புரட்டினேன். ஆதாரம் மெலிந்த இடத்தில்தான் இவை கொழுத்துக் கிடக்கின்றன. எதிரி அரசாங்கமாக இருக்கும்போது கை தானாகவே எழுதிவிடுகிறது. வாசகத் தோழர் ‘எனக்கு அப்படித் தெரியலையே’ என்று சொல்ல இடமே வைக்கவில்லை நான்.

அந்த மொழிபெயர்ப்பை இப்படித் திருத்தினேன்: ‘ஆசிரியருக்கு இது வெளிப்படையாகத் தெரிகிறது.’ மூலத்துக்குத் துரோகம் என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். இருக்கட்டும். என் சொந்தக் கட்டுரையிலும் அந்த ‘கு’ உருபைப் போட்டுத்தான் எழுதுகிறேன். போட்டதும் யார் பார்த்தது, எங்கிருந்து பார்த்தது என்று அடுத்த வாக்கியம் எழுதியாக வேண்டியிருக்கிறது. அந்த அடுத்த வாக்கியம்தான் கட்டுரை.