மண்ணும் மனையும் – 14: காலி நிலத்தைப் படம் பிடித்தல்

வீட்டைப் படம் எடுத்தால் வாசல் இருக்கிறது, கூடம் இருக்கிறது. காலி நிலத்தில் நான்கு எல்லையும் நடுவே மண்ணும்தான். ஆகவே விற்பனைக்கு வரும் நிலத்தின் விளம்பரப் படம், நிலத்தைவிட அதைச் சுற்றியிருப்பதையே அதிகம் காட்டுகிறது. ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டையில் அப்படிக் காட்ட நிறைய உண்டு: சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, டோல்கேட், 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த வாலாஜா ரோடு நிலையம், ஊரையொட்டி வரும் விரைவுச்சாலை. 2024 செப்டம்பரில் அதே மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும், சொல்லிக்கொள்ள இன்னொன்று சேர்ந்தது.

இவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதில்தான் கேமரா ஏமாற்றும். டெலி லென்ஸ் தொலைவைச் சுருக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடும் லாரி, மனையின் வேலியை உரசிப் போவதுபோல் தெரியும். அகலக் கோண லென்ஸ் முன்னால் கிடக்கும் தரையை விரித்துக் காட்டும். மூன்று சென்ட், அதாவது சுமார் 1,307 சதுர அடி, பள்ளி மைதானம்போல் ஆகிவிடும். எல்லைக்கல் ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆளை நிறுத்தி எடுத்த படத்தில் இந்த மயக்கம் பெரிதும் குறைகிறது. காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்திருக்கும்போது எடுத்தால் நிழல் விழுந்து மேடுபள்ளம் தெரியும். உச்சி வெயிலில் பள்ளமும் சமதரையாகத்தான் தோன்றும்.

ட்ரோன் வந்தபின் எல்லையை மேலிருந்தே காட்ட முடிகிறது. 2021-ன் ட்ரோன் விதிகளின்படி, வான்பரப்பு வரைபடத்தின் பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதி பெறாமல் பறக்கலாம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகத்துக்காக இயக்குபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் புலப்பட வரைபடத்தோடு ஒப்பிட்டால் பாதை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் வெளிப்படும். வீடியோவில் பளிச்சென்று ஓடும் சிவப்புக் கோடு எடிட்டிங்கில் போட்டது. சர்வேயர் அளந்த கோடாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பகுதிக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், படம் எடுத்த மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் ஏரியில் தண்ணீர் நிற்கும், தரிசும் பச்சையாக இருக்கும். பாலாற்றுக் கரையோரத் தோல் பதனிடும் ஊர்களின் மண்ணுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழகத்தின் தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்கிறது. உவர் ஏறிய மண், கோடையில் வெள்ளையாகப் பூக்கும். மழைக்குப் பிறகு அந்த வெண்மை கரைந்து புல்லுக்கடியில் மறைந்துவிடும். ஆகவே சித்திரை வெயிலில் எடுத்த வறண்ட படமே இங்கே நேர்மையான படம். தோல் ஆலைக் கழிவின் குரோமியத்தையோ நிலத்தடி நீரின் உப்பையோ எந்தக் கேமராவும் காட்டாது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துத்தான் அறிய வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் இங்கே மனை வாங்கக் கூடாது.

2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது; விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் இருந்த பொய்த் தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தருகிறது. விலக விரும்பினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். எனவே பத்திரப் பதிவு முடிந்த பிறகும் அந்த விளம்பர வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.