ஒரு தக்காளி நேரம்

1980களின் பிற்பாதி. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்குப் படிப்பு ஓடவில்லை. புத்தகம் விரித்தபடியே இருக்கும். மனம் மட்டும் ஊர் சுற்றப் போய்விடும். தேர்வு நெருங்க நெருங்கக் கலக்கம் கூடியது. ஒருநாள் தனக்குத் தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். பத்தே பத்து நிமிடம் கவனம் சிதறாமல் படிக்க வேண்டும். நேரத்தைக் கறாராகச் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே? சமையலறையில் கிடந்த டைமரை எடுத்து வந்தார். திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் மணியடிக்கும் சாதாரண டைமர். அது தக்காளி வடிவத்தில் இருந்தது.

முதல் முயற்சியிலேயே அவர் ஜெயித்துவிடவில்லை. ஆனால், அந்தத் தக்காளியை விடவும் இல்லை. பல ஆண்டுகள் தன் மேலேயே சோதித்துப் பார்த்து உருவாக்கிய முறைக்கு, இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்: ‘பொமோடோரோ’. 2006இல் இதை விளக்கும் கையேட்டை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். மென்பொருள் குழுக்களும் இதைக் கையில் எடுத்துக்கொண்டன. இன்று செல்போனில் தேடினால் இதே பெயரில் எத்தனையோ செயலிகள் கிடைக்கின்றன.

சட்டதிட்டம் சுருக்கமானது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, டைமரில் 25 நிமிடம் வைத்து, மணியடிக்கும் வரை அந்த வேலையை மட்டுமே செய்ய வேண்டும். மணியடித்ததும் தாளில் ஒரு பெருக்கல் குறி; பிறகு 5 நிமிட ஓய்வு. இப்படி நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. அலாரம் வைத்து வேலை பார்ப்பதில் என்ன புதுமை என்று கேட்கத் தோன்றும். அலாரத்தில் ஒன்றுமில்லைதான். விஷயம் அந்தத் தாளிலும் பென்சிலிலும் இருக்கிறது. செயலிகள் பெரும்பாலும் கைவிட்டதும் அதைத்தான்.

தாளில் நடப்பது என்ன?

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். காலை 10 மணி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி நாள். ஒரு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் பில்களை ஜிஎஸ்டி தளத்தில் உள்ள பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ‘நாலு தக்காளி பிடிக்கும்’ என்று கணித்து, வேலையின் பெயருக்குப் பக்கத்தில் ஊழியர் நான்கு கட்டம் போடுகிறார். டைமர் ஓடத் தொடங்குகிறது.

ஏழாவது நிமிடம். வீட்டு கரன்ட் பில் கட்டினோமா என்ற நினைப்பு. கை தானாகச் செல்போனுக்குப் போகிறது. சிரில்லோவின் முறையில் இங்கே ஒரு சின்ன வேலை இருக்கிறது: தாளில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டு, கீழே ‘கரன்ட் பில்’ என்று எழுதிவிட்டு, பில்களுக்கே திரும்ப வேண்டும். உள்ளிருந்து வரும் இடையூறுக்கு இந்தக் குறி.

பதினான்காவது நிமிடம். “சார், அந்த டிடிஎஸ் ஃபைல் எங்க இருக்கு?” என்று பக்கத்து மேசையிலிருந்து குரல். வெளியிலிருந்து வரும் இடையூறுக்குச் சிறு கோடு. “கால் மணி நேரத்துல நானே எடுத்துத் தரேன்” என்று சொல்லி, அதையும் குறித்துக்கொள்கிறார். விஷயத்தைச் சொல்வது, நேரம் பேசி முடிப்பது, குறித்து வைப்பது, சொன்னபடி திரும்பப் போய்க் கேட்பது: வெளி இடையூறுக்குச் சிரில்லோ வகுத்த நான்கு படிகள் இவை. கடைசிப் படியை விட்டுவிட்டால் அடுத்த முறை யாரும் கால் மணி நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் வாடிக்கையாளரே நேரில் வந்துவிடுகிறார். எழுந்தே ஆக வேண்டும். 22 நிமிடம் ஓடியிருந்தாலும் அந்தத் தக்காளி கணக்கில் சேராது. அரைத் தக்காளி, முக்கால் தக்காளி என்பதெல்லாம் இந்த முறையில் கிடையாது. அடுத்த சுற்றை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாலையில் பார்த்தால், நான்கு கட்டங்களும் நிரம்பி, வேலை முடியாமல் இன்னும் இரண்டு சுற்று தேவைப்பட்டிருக்கிறது. அந்த இரண்டை வட்டங்களாகப் போட வேண்டும். நான்கு என்று நினைத்தது ஆறு ஆனதை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். ஏழு சுற்றுக்கு மேல் போகும் எனத் தோன்றினால் வேலையைத் துண்டாக்க வேண்டும். ஒரு சுற்றுக்குக்கூட தேறாத சில்லறை வேலைகளை ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். ஆக, இந்தத் தக்காளி ஆளை விரட்டும் சாட்டை அல்ல. மளிகைக் கடைப் படிபோல, வேலையை அளக்கும் அளவை.

மூளை ஏன் ஓய்வு கேட்கிறது?

இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையையே பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர், நேரம் ஆக ஆகத் திரையில் தெரிந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். வெறும் வெள்ளை முகம் கொண்ட கடிகாரத்தில் ஒற்றை முள் விட்டுவிட்டு நகரும். எப்போதாவது இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே கவனம் சரியத் தொடங்கியதாக 1948இல் அவர் எழுதினார்.

2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அரிகா, யேராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 84 பேருக்கு 50 நிமிட வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். இடையில் இரண்டு முறை மட்டும் சில கணங்கள் வேறொன்றுக்குத் திரும்பிய குழுவின் கவனம் கடைசிவரை குறையவில்லை. மற்றவர்களுக்குக் குறைந்தது.

மறுபக்கம், நாம் வேலையைவிட்டு நழுவும் வேகமும் கூடியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க் 2004 வாக்கில் அளந்தபோது, ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் கண் தங்கியது. பிற்கால அளவீடுகளில் அது 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது. வேலையை மாற்றிவிட்டாலும் மனம் உடனே கூட வருவதில்லை. முந்தைய வேலையில் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் இதற்குக் ‘கவன எச்சம்’ என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். கரன்ட் பில்லைத் தாளில் எழுதிவைப்பது இந்த எச்சத்தைக் குறைக்கத்தான்.

25 என்ன கணக்கு?

அது மந்திர எண் அல்ல. சிரில்லோவே 20 முதல் 35 நிமிடம் வரை சரிவரும், போனால் 40 என்றுதான் சொல்கிறார். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 87 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. ஒரு குழு விருப்பப்பட்டபோது ஓய்வெடுத்தது. மற்ற குழுக்களில் ஒன்றுக்கு 24 நிமிடப் படிப்பு, 6 நிமிட ஓய்வு. இன்னொன்றுக்கு 12, 3. விருப்பம்போல ஓய்வெடுத்தவர்கள் நீண்ட நேரம் படித்து, நீண்ட ஓய்வு எடுத்தார்கள். சோர்வும் கவனச்சிதறலும் அவர்களிடமே அதிகம். ஆனால், முடித்த வேலையின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. இந்த முறை வேலையை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

அந்த ஆய்வின் 24 நிமிடம் தமிழர்களுக்குப் பழக்கமான அளவு. அதுதான் ஒரு நாழிகை. நாளுக்கு 60 நாழிகை. நீர் இறங்கும் வட்டிலைப் பார்த்து அரசனுக்கு நேரம் சொன்ன நாழிகைக் கணக்கர்களை முல்லைப்பாட்டில் காணலாம். சிரில்லோவின் தக்காளி, நாழிகையைவிட ஒரு நிமிடமே பெரிது.

எங்கே எடுபடாது?

வங்கிக் கவுன்டரில் வரிசை நிற்கும்போதும், மருத்துவமனை வார்டிலும் டைமரைக் காட்டி யாரையும் காக்கவைக்க முடியாது. நிரலாளர், எழுத்தாளர் போன்றவர்கள் வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரத்தில் மணியடித்தால் எரிச்சல்தான் வரும். அவர்கள் சுற்றை நீட்டிக்கொள்வதே நல்லது. கடும் மூளை உழைப்புக்குப் பிறகு 5 நிமிடமும் போதாமல் போகலாம். பத்து நிமிடத்துக்கு உட்பட்ட குறு ஓய்வுகள் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஆய்வு, அவை சோர்வைக் குறைத்து உற்சாகம் தருவதை உறுதிசெய்தது. ஆனால், வேலைத்திறன் பொதுவாகக் கூடும் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

ஓய்வை எப்படிக் கழிக்கிறோம் என்பதும் முக்கியம். அந்த 5 நிமிடத்தில் முக்கியமான மெயில் எழுதுவது, அலுவலக விவகாரம் பேசுவது இரண்டையும் சிரில்லோ தவிர்க்கச் சொல்கிறார். எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கலாம். செல்போனையே டைமராக வைத்தால், மணியை அணைக்கப் போன விரல் அப்படியே வாட்ஸ்அப்புக்குள் நுழைந்துவிடும்.

முயன்று பார்க்க விரும்புபவர்கள் செயலி தேடி அலைய வேண்டாம். ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில் போதும். நாள் முழுக்க வேண்டாம். தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஒரே ஒரு வேலையை நாளைக் காலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடிந்ததும் தாளில் மேற்கோள் குறிகள் எத்தனை, கோடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நம்மைக் கெடுப்பது பக்கத்து மேசையா, நம் கையா என்பது அதில் தெரிந்துவிடும்.