குறைமாதக் குழந்தைகளுக்கான புலன்வழிச் செயல்முறை மருத்துவம்

முன்னுரை

கருக்காலத்தின் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற மதிப்பீடு கூறுகிறது. இக்குழந்தைகளின் உயிரைக் காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவே அவர்களின் மூளை வளரும் இடமாகவும் அமைகிறது. அங்கே புலன் அனுபவங்களை ஒழுங்குபடுத்தும் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறை மருத்துவத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

புலன்கள் வளரும் வரிசை

கருவில் தொடுவுணர்வு முதலில் தோன்றுகிறது. அசைவுணர்வு, சுவை, மணம், செவிப்புலன் ஆகியன அதனைத் தொடர்கின்றன; பார்வை இறுதியில் முதிர்கிறது. சிகிச்சைப் பிரிவில் இவ்வரிசை குலைகிறது. முதிராத கண்கள் மீது விளக்கொளி விழுகிறது; கருவிகளின் எச்சரிக்கை ஒலி இடைவிடாது கேட்கிறது; தொடுகையோ பெரும்பாலும் ஊசியாகவும் ஒட்டுநாடாவாகவும் வருகிறது. ஒலி 45 டெசிபலைக் கடக்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் அறிவுறுத்தியது.

எனினும், அமைதி மட்டுமே போதுமானதன்று. தனியறைகளில் பராமரிக்கப்பட்ட குழந்தைகள் இரண்டு வயதில் மொழித்திறனில் பின்தங்கியிருந்ததை ராபர்ட்டா பினேடா குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தீய தூண்டலின் மிகையும் நல்ல தூண்டலின் குறையும் ஒருங்கே களையப்பட வேண்டியவை என்பது இதனால் புலனாகிறது.

மருத்துவ முறை

குழந்தையின் உடற்குறிப்புகளே வழிகாட்டி என்னும் கோட்பாட்டை ஹைடெலிஸ் ஆல்ஸ் 1982இல் முன்வைத்தார். விரல்களை விரித்தல், விக்கல், நிறமாற்றம் ஆகியன மிகைத் தூண்டலை உணர்த்தலாம். கையை வாயருகே கொண்டுசெல்லுதல், முகம் தளர்தல் ஆகியன ஏற்பை உணர்த்தும். செயல்முறை மருத்துவராகிய பினேடா உருவாக்கிய ‘சென்ஸ்’ திட்டம், தொடுகை, ஒலி, மணம், அசைவு, ஒளி ஆகியவற்றின் அளவைக் குழந்தையின் கருக்கால வயதிற்கேற்ப வகுக்கிறது. அவற்றை அளிப்பவர் முதன்மையாகப் பெற்றோரே.

தாயின் மார்போடு குழந்தையை அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு இவற்றுள் பலவற்றை ஒருசேர அளிக்கிறது: தோலின் வெம்மை, தாயின் மணம், மூச்சின் அசைவு, தாழ்குரல் தாலாட்டு. பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கியபோது 28 நாள்களுக்குள் நிகழும் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12.0 விழுக்காடாகக் குறைந்ததை 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வு நிறுவியது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. அவ்வாய்வில் தாய்க்கான படுக்கை சிகிச்சைப் பிரிவிலேயே இருந்தது.

முடிவுரை

சாகுபுரம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து நகர மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தில், தாய் வீடு திரும்பிக் குழந்தை மட்டும் பிரிவில் தங்குமாயின், இம்மருத்துவம் தன் முதன்மைக் கருவியை இழக்கிறது. ஆகவே குழந்தையின் அருகே தாய்க்கு இடமளித்தல் சலுகையன்று. சிகிச்சையின் ஒரு கூறாகும்.