தரம் களத்திலேயே உண்டாகிறது

நெல் மூடைகள் கொள்வனவு நிலையத்தின் வாயிலை அடைந்த பின்னரே அவற்றின் தரத்தைப் பற்றிக் கமக்காரர் பலர் எண்ணத் தொடங்குகின்றனர். ஆங்கு ஈரப்பதமானி நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படக் காட்டின் நெல் ஏற்கப்படாது போகலாம். கருவியைக் குறைகூறுவதாற் பயனில்லை. அது தரத்தைக் காட்டுமேயன்றி உண்டாக்காது.

கைத்தொழில் உலகம் இதனைக் காலந்தாழ்த்தியே கற்றது. செய்து முடித்த பொருளைச் சோதித்து, பழுதானவற்றைக் கழிப்பதே தொழிற்சாலைகளின் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பனியொன்றிற் பணிபுரிந்த வோல்ற்றர் ஷூவாட், வேலை நடைபெறும்போதே அளந்து வரைபடத்திற் குறித்து, வழக்கத்துக்கு மாறான பிசகின் காரணத்தைத் தேடும் முறையை 1924இல் வகுத்தார். எட்வேட்ஸ் டெமிங் 1950இல் யப்பானியத் தொழிலதிபர்க்கு இதனைப் போதித்தார்; மறு ஆண்டே அந்நாட்டார் அவர் பெயரால் ஒரு பரிசை நிறுவினர்.

நெல்லுக்கும் இது பொருந்தும். ஈரமாக விற்றால் எடை மிகும் என்பது பலரது கணக்கு. நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல், 14 பங்குக்குக் காய்ந்ததும் ஏறக்குறைய 91 கிலோகிராமாகும். குறைந்த 9 கிலோகிராமும் நீரே. வாங்கும் வியாபாரியும் இக்கணக்கை நன்கறிவார்; ஐயம் தோன்றின் ஒன்பதுக்கு மேலாகவே கழிப்பார்! ஈர நெல்லைக் காய்ந்த நெல்லுடன் கலந்தாலோ, நல்ல மூடைகளும் அக்கழிவுக்கு உட்படும்.

அறுவடையான நெல்லை 24 மணித்தியாலத்துக்குள் உலர்த்தத் தொடங்கல் வேண்டும். படங்கில் 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பிற் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறுக. தெருவிற் காயவிட்ட நெல்லிற் கல் சேரும். மாலையில் மூடுதலையே பலர் அசட்டை செய்கின்றனர். காய்ந்த மணி இரவுப் பனியில் நனையின் உள்ளே நுண்ணிய வெடிப்பு உண்டாகும். மறுநாள் காய்ந்ததும் ஈரப்பதமானி 14 என்றே காட்டும். ஆயினும் பச்சையரிசியாகக் குற்றும்போது மணி உடைந்து குறுணியாகும். வாயிலிற் செய்யும் சோதனைக்கு இப்பழுது அகப்படுவதில்லை.

ஆகவே ஒரு கொப்பியில் வயற்றுண்டு, அறுத்த நாள், காயவிட்ட நாட்கள், மழை, நிலையத்திற் கண்ட ஈரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. நான்கு வயற்றுண்டுகளில் ஒன்றின் நெல் மட்டும் ஒவ்வொரு போகமும் ஈரமாயிருப்பின், காரணம் முந்திய அறுவடையோ, களத்தின் பள்ளமோ, கிளறுபவரின் அசதியோ என்பதை அடுத்த அறுவடைக்கு முன்னரே அக்குறிப்பைக் கொண்டு கண்டறியலாம்.