இணையக் கலைக்களஞ்சியம்: மாணவர் எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரியில் ஜப்பானிய சரித்திரம் கற்ற மாணவர் சிலர், 1637-ஆம் ஆண்டில் மூண்ட ஷிமாபரா கலகத்துக்கு ஏசுசபைப் பாதிரிமார் துணைநின்றனர் என்று பரீட்சையில் ஒரே விதமாக எழுதியிருந்தார்கள். அப்பாதிரிமார் 1614-லேயே நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஆணையிடப்பட்டு, எஞ்சிய சிலரும் தலைமறைவாய்த் திரிந்த காலத்தில் இது எவ்வாறு நடந்திருக்கும் என்று பேராசிரியர் திகைத்து விசாரித்தபொழுது, அத்தனை பேருடைய பிழைக்கும் பிறப்பிடம் இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரையே என்பது வெளிப்பட்டது. இதையொட்டி, 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கல்லூரியின் சரித்திரத் துறை ஒரு விதி வகுத்தது. அக்களஞ்சியத்தை மேற்கோளாகக் காட்டலாகாது என்ற பகுதிதான் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. எழுதுகிற விஷயத்தின் உண்மைக்கு எழுதுபவரே பொறுப்பாளி, பிழை அங்கிருந்து வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்ற மற்றொரு பகுதியே என் அபிப்பிராயத்தில் விதியின் உயிர்நாடி. படிக்கவே கூடாது என்று துறையினர் தடுக்கவில்லை. வேறு நல்ல ஆதாரங்களுக்கு அது வழிகாட்டக்கூடும் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

பிறர் ஆராய்ந்து கண்டதைத் தொகுத்துச் சொல்வதே கலைக்களஞ்சியத்தின் தருமமாதலால், 1768-இல் எடின்பரோவில் பிறந்த பிரிட்டானிக்காவானாலும், பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராயிருக்கத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் வெளியிட்ட தொகுதிகளானாலும், அவை ஆராய்ச்சிக்கு வாயிலாகுமே தவிரச் சாட்சியாகமாட்டா. ஆகவே இணையத்தில் இருக்கிறது என்ற ஒன்றையே குற்றமாகச் சொல்லி ஒதுக்குவது நியாயமன்று. 2005-இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகை 42 விஞ்ஞானக் கட்டுரைகளை நிபுணரிடம் கொடுத்து ஒப்பிட்டபொழுது, கட்டுரை ஒன்றுக்கு விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய நான்கு பிழைகளும், பிரிட்டானிக்காவில் மூன்றும் காணப்பட்டன. பிரிட்டானிக்காவினர் இந்தப் பரிசோதனை முறையையே ஆக்ஷேபித்தார்கள் என்பது வேறு விஷயம்.

அபாயம் சராசரியில் இல்லை, தனித்தனிக் கட்டுரையில்தான் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஜூலையில், கோவாவிலுள்ள பிச்சோலிம் என்ற ஊரின் பெயரால், 1640-41-இல் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் யுத்தம் நடந்ததென்று வர்ணிக்கும் நீண்ட கட்டுரை ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறிற்று. அடிக்குறிப்புகளும் நூற்பெயர்களும் நிறைந்து கண்ணுக்கு லட்சணமாயிருந்த அது, சில மாதங்களுக்குள் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் பெற்று, ஐந்தாண்டுகளுக்கு மேல் உலாவிற்று. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் பொறுமையாக அதன் ஆதாரங்களைத் தேடிப் பார்த்தபொழுது, சுட்டப்பட்ட நூல்கள் உலகில் இல்லை என்பதும், யுத்தமே கற்பனை என்பதும் தெரிந்து, கட்டுரை நீக்கப்பட்டது. மராட்டியப் பேரரசை நிறுவிய சிவாஜி முடிசூடியது 1674-இல் என்பதையும், அந்த யுத்தம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் அவர் சிறுபிள்ளை என்பதையும் அறிந்த பள்ளி மாணவன்கூட, அப்பொழுது மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. அடிக்குறிப்பின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதே இங்கே நேர்ந்த பிசகு.

இதனினும் நுட்பமான மோசம் ஒன்றுண்டு. கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்று மறுபெயர் உண்டெனப் போகிற போக்கில் 2008-இல் ஒரு மாணவர் சேர்த்துவிட, அது பத்திரிகைகளில் ஏறி, பிறகு அப்பத்திரிகைகளுள் ஒன்றே கட்டுரைக்கு ஆதாரமாக இணைக்கப்பட்டது. இரண்டு இடத்தில் ஒரே செய்தி இருப்பதால் மட்டும் அது உறுதிப்பட்டுவிடாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதினதா என்பதைத் தேதி வைத்துப் பார்க்க வேண்டும்.

பரிகாரம் விக்கிப்பீடியாப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது அச்சுப் புத்தகத்துக்கு வாய்க்காத விசேஷம். கட்டுரையின் மேற்புறத்திலுள்ள வரலாற்றுப் பகுதியைத் திறந்தால், எந்த வாக்கியம் எந்தத் தேதியில், எந்தப் பயனரால் சேர்க்கப்பட்டது என்பது வரிசையாகத் தெரியும். நேற்று இரவு நுழைந்த வாக்கியத்தை இன்று காலை வீட்டுப்பாடத்தில் எழுதுவதற்கு மாணவர் தயங்கவேண்டும். உரையாடல் பகுதியில் சர்ச்சைகள் கிடக்கும். ஆதாரமற்ற வாக்கியத்தின் பக்கத்தில் சான்று கோரும் குறிப்பு நிற்கும். அது நில்லாத இடமெல்லாம் சுத்தமென்று கொள்ளவும் கூடாது. அடிக்குறிப்பு காட்டும் நூலையோ பத்திரிகையையோ எடுத்து, அங்கே அச்செய்தி உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்து, அந்த நூலையே மேற்கோளாக எழுதுவது முறை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் காவலிருந்து திருத்துவோர் ஆங்கிலத்தைக் காட்டிலும் மிகச் சிலரே ஆதலால், அங்கே இந்தச் சிரமத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொள்வது நலம்.

உரிமைகளும் உண்டு. கட்டுரையை எவரும் எடுத்து ஆளலாம். ஆனால் மூலத்தைக் குறிப்பிடவேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தின் கீழேயே வெளியிடவேண்டும். பெயர் சொல்லாமல் படியெடுத்துத் தன்னுடையதென்று உபாத்தியாயரிடம் நீட்டுவது, இலவசம் என்ற காரணத்தால் களவில்லாமல் போய்விடாது. பிழை கண்டால், பூட்டி வைக்கப்பட்ட சில பக்கங்கள் நீங்கலாக, மாணவரே ஆதாரத்தோடு திருத்தலாம்.

ஒருவருடைய மானத்துக்கு ஊறு நேர்ந்தால் காரியம் அத்தனை எளிதன்று. ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், கென்னடி சகோதரர் கொலைகளில் சம்பந்தப்பட்டவராகச் சந்தேகிக்கப்பட்டார் என்ற பொய், 2005-இல் நான்கு மாதங்களுக்கு மேல் அவர் பெயரிலுள்ள கட்டுரையில் கிடந்தது. பிறர் எழுதியதற்குத் தளத்தை நடத்துவோர் பொறுப்பாளியல்லர் என்று அந்நாட்டுச் சட்டம் காப்பளித்ததால், அவர் வழக்காடாமல் ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழில் தம் கதையை எழுதினார். அதன்பின் அவ்வாண்டு டிசம்பரிலேயே, பதிவு செய்யாத பயனர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது.